தமிழ்ப் பெயரை ஆஸ்கிக்கு மாற்றும் அட்டவணை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்த் தலைப்புகளை ஆஸ்கியில், அதாவது வெறும் ஆங்கில எழுத்தில், கோப்புப் பெயர்களாக மாற்றும் நிரல் ஒன்றை, புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போன வாரம் காட்டினார். பத்து வருடத்துக்கு முன்னால் நான் போட்ட அதே அட்டவணை. பார்த்ததும் பழைய எரிச்சல் திரும்பிவிட்டது.

குறியெண்ணுக்குக் குறியெண் மாற்றுவது

யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் உண்டு, அதுதான் குறியெண். 'கி' என்பது இரண்டு குறியெண்கள்: 'க', அதன் பின்னால் இகரக் குறி. 'க்' என்பதும் 'க'வும் புள்ளியும்தான். வெறும் 'க'வுக்குள் ஓர் அகரம் உட்கார்ந்திருக்கிறது. அட்டவணையில் அதையும் சேர்த்துப் போட்டால் 'தமிழ்' என்பது 'தமஇழ' என்று வரும். போடாவிட்டால் 'த்மிழ்'. 2001இல் பெர்ல் நிரல்மொழியில் வந்த யூனிடிகோட் தொகுப்பு இரண்டாவது வழியில் போகிறது. எல்லா மொழிக்கும் பொதுவான கருவி, அதைக் குறை சொல்ல மாட்டேன். தமிழுக்கென்றே எழுதும் நாம் அதை நகலெடுப்பதுதான் தப்பு.

நான் அகரத்தைச் சேர்த்தே போட்டேன். அதற்குப் போட்ட ஒட்டு இது: மாற்றி முடித்ததும், இன்னோர் உயிருக்கு முன்னால் நிற்கும் அகரத்தை அழித்துவிடு. என் பெயரும் நண்பர்கள் நாலு பேர் பெயரும் சரியாக வந்தன. அந்தத் தைரியத்தில் ஒரு வாடிக்கையாளரின் மொத்தக் கோப்புகளிலும் ஓடவிட்டேன். ஆங்கிலத்தில் ஐகாரமே இரண்டெழுத்து, முதலாவது அகரத்தின் எழுத்து. அதுவும் அழிந்தது. மதுரை 'மதுரி' ஆயிற்று. அஇஅதிமுக தலையிழந்து 'இஅதிமுக' ஆயிற்று. இதையாவது சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். 'கிளை' என்ற கோப்பும் 'கிளி' ஆகி, முன்பே இருந்த 'கிளி'யின் மேல் போய் உட்கார்ந்தது. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. இப்படி எத்தனை கோப்புகள் அழிந்தன என்று கண்டுபிடித்து, காப்புநகலிலிருந்து மீட்க இரண்டு இரவுகள் போயின.

அகரத்தைப் பிறகு அழிக்காதீர்கள், முதலிலேயே உயிர்மெய்யை ஒரே அலகாக எடுங்கள். 18 மெய், 12 உயிர், 216 உயிர்மெய். கையால் தட்ட வேண்டாம், நிரலில் இரண்டு சுழல் (லூப்) போதும். கிரந்த எழுத்துகளையும் அதே சுழலில் விடுங்கள். தேடும்போது குறியோடு சேர்ந்த வடிவத்தை முதலில் பாருங்கள், அப்புறம் வெறும் எழுத்து.

இரண்டு விதமான 'கொ'

ஒகரக் குறி ஒரே குறியெண்ணாகவும் வரும், எகரக் குறியும் காலும் சேர்ந்தும் வரும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. முதலில் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது இரண்டையும் ஒரே குறியெண்ணாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவத்துக்கு, கொண்டு வாருங்கள்.

௰

இந்தத் தமிழ் எண்குறி ஓர் இலக்கம் இல்லை, பத்து என்ற எண். ௰௨ என்பது 12, 102 இல்லை.

பல்லியும் பள்ளியும்

ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒரே பெயராகிவிடும். ளகரத்துக்குப் பெரிய எழுத்து வைத்தால் பிரிந்துவிடும் என்றார் தம்பி. விண்டோஸில் கோப்புப் பெயருக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். மறுபடியும் கிளி கதை.