மலேரியாக் கொசுவைத் தொழுவிலும் வீட்டிலும் தடுக்கும் முறை

கொசுத் தொல்லை என்றாலே நாம் சாக்கடையையும் எருக்குழியையும்தான் முதலில் பார்க்கிறோம். ஆனால் மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் கொசு பெரும்பாலும் தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது. கன்னடியன் கால்வாயிலோ பாளையங்கால்வாயிலோ ஓட்டம் நின்றபின் ஆங்காங்கே கிடக்கும் குட்டைகள், தாமிரபரணிப் படுகையின் பாறைக்குழிகள், இறைக்காமல் விட்ட கிணறு, மூடியில்லாத மாடித் தொட்டி, நாற்று நட்ட புதிதில் நீர் கட்டிய வயல் ஆகியவையே அதற்கு உகந்த இடங்கள். எருக்குழியைச் சீர்செய்வதும் தேவைதான். அதோடு நின்றுவிட்டால் வேறு கொசுக்கள் குறையுமே தவிர, மலேரியாக் கொசு குறையாது.

நாட்டுப்புறங்களில் இந்நோயைப் பரப்புவதில் முதன்மையானது அனோஃபிலிஸ் குலிசிஃபேசிஸ் என்ற வகை. இது மனித இரத்தத்தைவிட மாட்டு இரத்தத்தையே பெரிதும் நாடும். இரவில் குடித்துவிட்டு, பகலில் தொழுவின் கூரை இடுக்கிலும் இருண்ட சுவர்களிலும் ஒதுங்கியிருக்கும். மாட்டை விற்றுவிட்டால் கொசு போய்விடும் என்று சிலர் எண்ணுவது தவறு. மாடு இல்லாத வீட்டில் அது மனிதரைத்தான் தேடும். தொழுவும் படுக்கையறையும் ஒரே சுவரை ஒட்டி இருப்பதே உண்மையான இடர். புதிதாகத் தொழு கட்டுவோர் இடம் உள்ளவரை வீட்டிலிருந்து தள்ளிக் கட்டுவது நல்லது. பழைய தொழுவாயின் அந்தப் பக்கத்துச் சன்னலுக்குக் கம்பிவலை அடித்து, சுவர் வெடிப்புகளைப் பூசி, வெளிச்சமும் காற்றும் புகும்படி செய்ய வேண்டும்.

விடியற்காலையில் கைவிளக்குடன் தொழுவின் உட்சுவரைப் பாருங்கள். மற்றக் கொசுக்கள் சுவருக்கு இணையாகக் கூன்போட்டு அமர்ந்திருக்க, அனோஃபிலிஸ் மட்டும் பின்புறத்தைத் தூக்கி, சாய்வாக அடித்த சிறு ஆணிபோல் நிற்கும். நீரிலும் இப்படிப் பிரித்தறியலாம். வெள்ளைக் கிண்ணத்தில் மெதுவாக மொண்டு நிழலில் வைத்துப் பார்த்தால், மற்றக் கொசுக்களின் புழுக்கள் தலைகீழாகத் தொங்கும். அனோஃபிலிஸ் புழுவோ வைக்கோல் துணுக்குப்போல் நீர்ப்பரப்பை ஒட்டிப் படுத்தே கிடக்கும். இப்படிப் படுத்த புழு எங்கே அகப்படுகிறதோ, அந்த நீரில்தான் உங்கள் வேலை தொடங்க வேண்டும்.

நம் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் போதும். ஆகவே வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, மாட்டுத் தண்ணீர்த் தொட்டியையும் அண்டாக்களையும் முழுக்கக் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் காயவிடுங்கள். தொழு வாசலில் ஈரமண்ணில் பதிந்த மாட்டுக் குளம்படிகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை; ஒரு கை நீர் தேங்கும் அந்தக் குழியிலும் புழு வளரும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பே அங்கே சரளை கொட்டி, நீர் வடிய வாட்டம் கொடுத்துவிட வேண்டும். கார், பிசானம் ஆகிய இரு நெல் பருவங்களிலும் வயலில் இடைவிடாமல் நீர் கட்டாமல், காயவிட்டு மறுபடி பாய்ச்சும் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால், புழு வளர இடமிராது, தண்ணீரும் மிஞ்சும். வற்றாத கிணற்றில் கொசுப்புழுவைத் தின்னும் கப்பி மீன் விடலாம். ஆற்றிலும் குளத்திலும் அதை விடாதீர்கள், நம் நாட்டு மீன்களுக்கு அது கேடு. மாடு குடிக்கும் நீரில் மண்ணெண்ணெயோ கழிவு எண்ணெயோ ஊற்றவே கூடாது.

அந்தி நேரத்தில் வேப்பிலைப் புகை போடுவது நம் பழைய வழக்கம். அது கொசுவை விரட்டுமே ஒழிய, கொல்லாது. தொழுவிலிருந்து கிளம்பிய கொசு திறந்திருக்கும் வீட்டுக்குள் புகுந்துவிடும் என்பதால், புகை போடுமுன் கதவு சன்னல்களைச் சாத்துங்கள். வைக்கோல் படப்பின் அருகே ஒருபோதும் வேண்டாம். உண்ணிக்காக மாட்டின் மேல் பூசும் டெல்டாமெத்ரின் மருந்து, அம்மாட்டில் அமரும் கொசுவையும் கொல்லும். அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டே கலக்குங்கள். கறவை மாடாயின் பாலைப் பற்றியும் கேளுங்கள். பூசிய மாட்டைக் குளத்தில் இறக்கிக் குளிப்பாட்டினால் மீன்கள் செத்துப்போகும்.

இந்தக் கொசு இரவில்தான் கடிக்கும். களத்தில் காவலுக்குப் படுப்பவரும், மொட்டைமாடியில் உறங்குவோரும் மருந்தேற்றிய கொசுவலையைப் பாயின் அடியில் நன்றாகச் செருகிக்கொள்ள வேண்டும். அவ்வலையை நிழலில் உலர்த்துங்கள். வெயில் பட்டால் மருந்து வீரியம் இழக்கும்.

குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் கண்டால், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் சோதித்துப் பாருங்கள். வைவாக்ஸ் வகைக் கிருமி கல்லீரலில் பதுங்கியிருந்து மீண்டும் கிளம்பக்கூடியது என்பதால், மருத்துவர் 14 நாள் பிரைமாகுயின் எழுதிக் கொடுத்தால், மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டாலும் 14 நாளும் விழுங்க வேண்டும். கருவுற்ற பெண்ணுக்கு அம்மாத்திரை ஆகாது. கருவுற்றிருப்பதை மருத்துவரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.