பீங்கான் நண்டை இனம் காண்பது: பாசிக்குடா முதல் உகந்தை வரை

இலங்கையின் கிழக்குக் கரையில் கல்லைப் புரட்டியதும் அடிப்பக்கத்தில் ஒட்டியபடி ஓடுகிற தட்டையான சிறு நண்டைக் கண்டால் முதலில் கால்களை எண்ணுங்கள். கொடுக்கைத் தவிர்த்து, ஒரு பக்கத்துக்கு மூன்று நடைகால்தான் தெரிகிறதா? அப்படியென்றால் அது பீங்கான் நண்டாக இருக்கலாம். சாதாரண நண்டுக்கு நான்கு தெரியும். பீங்கான் நண்டுக்கும் நான்காவது சோடி உண்டு. ஆனால் அது மிக மெல்லியது. ஓட்டின் பின்விளிம்பில் மடங்கிக் கிடக்கும், செவுளைத் துப்புரவாக்கத்தான் பயன்படும்.

கால் கணக்கை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். சாதாரண நண்டும் காலை இழந்திருக்கலாம். அதனால் அடுத்ததாக உணர்கொம்பைப் பாருங்கள். பீங்கான் நண்டில் அது கண்ணுக்கு வெளிப்பக்கத்திலிருந்து புறப்பட்டு மிக நீளமாக இருக்கும். சாதாரண நண்டில் இரண்டு கண்களுக்கும் இடையில், குட்டையாக இருக்கும். மூன்றாவது அடையாளம் வயிற்று மடல். பீங்கான் நண்டின் மடல் நுனியில் இறாலுக்கு இருப்பது போன்ற வால்விசிறி உண்டு; தண்ணீரில் விட்டால் மடலை அடித்தடித்துப் பின்பக்கமாக நீந்தும். சந்தையில் நண்டைப் புரட்டி, ஒடுங்கிய மடல் ஆண், அகன்ற மடல் பெண் என்று பார்க்கிற முறை இங்கே எடுபடாது. பீங்கான் நண்டில் இரண்டுக்குமே மடல் அகலம். மடலுக்கு அடியில் முட்டை இருந்தால் மட்டும் பெண் என்று உறுதியாகச் சொல்லலாம்.

தேடப் போகும் காலம் முக்கியம். வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்துக் கலங்கியிருக்கும். ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை நல்லது. நம் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. அதனால் பூரணை, அமாவாசையை ஒட்டிய நாட்களில், வற்றின் அடிமட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். வாவிக்குள் சேற்றிலும் கண்டல் வேரிலும் ஓடுபவை பெரும்பாலும் வேறு நண்டுகள். பாசிக்குடா, கல்குடா, அறுகம்குடா, உகந்தைப் பக்கத்துப் பாறைக்கரைகளும் ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புக் கல்லணை போன்ற இடங்களுமே இவற்றைத் தேட ஏற்றவை. அலை அடிக்கும் கல்லணையில் கால் வைக்க வேண்டாம். மறைவான பக்கத்தில் பாருங்கள்.

எந்தக் கல்லைப் புரட்டுவது? மணலில் புதைந்து, அடியில் கறுத்து நாற்றமடிக்கும் கல்லில் இது இருக்காது. வேறு கற்களின் மேல் தங்கி, அடியில் தண்ணீர் ஓட இடைவெளி உள்ள கல்லைத் தேர்ந்தெடுங்கள். இந்த நண்டு வாயருகே உள்ள மயிர் அடர்ந்த உறுப்புகளை வீச்சுவலை எறிவது போல மாறி மாறி வீசி, தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை அரித்துத் தின்னும். ஓட்டமில்லாத தண்ணீரில் அதற்குச் சாப்பாடு இல்லை. உயிருள்ள முருகைக்கல்லைப் புரட்டவோ உடைக்கவோ கூடாது. அது சட்டப்படி குற்றமும்கூட. புரட்டிய கல்லை மெதுவாக, முன்பிருந்த பக்கமே கீழே வரும்படி திருப்பி வையுங்கள். தலைகீழாக விட்டால் அடியில் ஒட்டி வாழும் உயிர்கள் வெயிலில் செத்துவிடும்.

நண்டைக் காலிலோ கொடுக்கிலோ பிடித்தால் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவிடும். மென்தூரிகையால் தள்ளி, கடல்நீர் நிரப்பிய தெளிவான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இறக்குங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் வைக்க வேண்டாம். சிறிதளவு தண்ணீர் வெயிலில் விரைவில் சூடேறும். ஓடு பெரும்பாலும் 2 சென்ரிமீற்றருக்கு உட்பட்டதுதான். எனவே 10 மடங்கு உருப்பெருக்கும் கைவில்லையும் அளவுகோலும் வேண்டும். அளவுகோலோடு மேலிருந்து ஒரு போட்டோ, நெற்றி விளிம்புக்கு (கண்களுக்கு இடையிலுள்ள ஓட்டின் முன்விளிம்பு) ஒன்று, டப்பாவின் அடியிலிருந்து வயிற்றுப் பக்கத்துக்கு ஒன்று எடுங்கள். பின்பு கொடுக்கின் மணிக்கட்டுக் கணு (பற்றும் பகுதிக்கு அடுத்து உட்புறமாக உள்ள கணு), நடைகாலின் நுனி இரண்டையும் நெருங்கி எடுங்கள். ஈரம் பளபளத்தால் கோடுகளும் பற்களும் மறைந்துவிடும். நண்டைத் தண்ணீருக்குள் வைத்தே, நிழலில் எடுங்கள்.

நிறத்தை வைத்து இனம் சொல்லாதீர்கள். ஒரே இனத்தில் பச்சை, பழுப்பு, நீலம் கலந்து வரும். கல்லடியில் கிடைப்பவை பெரும்பாலும் பெட்ரோலிஸ்தெஸ் பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி): தட்டை உடல், பெரிய தட்டைக் கொடுக்குகள். அதில் இந்து சமுத்திரத்தில் பரந்து வாழும் இரண்டைப் பிரித்துப் பார்க்கலாம். பொஸ்சியை என்ற இனத்தின் ஓட்டில் குறுக்குவாட்டில் வரிவரியாக மேடுகள், அவற்றின் விளிம்பில் குறுமயிர். லமார்க்கியை என்ற இனம் ஓரளவு வழவழப்பானது. மணிக்கட்டுக் கணுவின் முன்விளிம்பில் மூன்று அல்லது நான்கு அகன்ற பற்கள் இருக்கும்.

கொடுக்கு தடித்து, பருக்கள் நிறைந்து, ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்தால் பக்கிகேலெஸ் பேரினத்தை நினைக்கலாம். ஆனால் கழன்ற கொடுக்கு மீண்டும் முளைக்கும்போதும் ஒன்று சிறிதாகவே இருக்கும். அளவு மட்டும் வேறாக, இரண்டும் தட்டையாக இருந்தால் பெட்ரோலிஸ்தெஸ் பக்கமே நில்லுங்கள்.

நண்டு வேறோர் உயிரின் மேல் இருந்தால், அந்த உயிர்தான் உங்களுக்குக் கிடைத்த பெரிய துப்பு. அதையும் கட்டாயம் படம்பிடியுங்கள். பெரிய கடற்சாமந்தியில், வெள்ளை உடலில் சிவப்பு அல்லது பழுப்புப் புள்ளிகளோடு, பெரும்பாலும் சோடியாக இருப்பது நியோபெட்ரோலிஸ்தெஸ் மகுலேட்டஸ். மென்பவளத்தில் லிசோபோர்செலனா என்ற பேரினம் வாழும். புழுக்குழாய்க்குள் இருந்தால் பொலியோனிக்ஸைச் சந்தேகித்து நடைகால் நுனியைப் பாருங்கள்: ஒன்றுக்கு மேற்பட்ட கொக்கி இருக்கும். வலையில் கடல் இறகு (இறகு வடிவில் இருக்கும் பவள உறவு உயிர்) ஏறிவந்தால் அதைக் கழிவென்று எறியுமுன் நன்றாகப் பாருங்கள். நெற்றி மூன்று மடலாகப் பிரிந்த, நீண்ட வழவழப்பான நண்டு ஒட்டியிருந்தால் அது போர்செலனெல்லா.

காயங்கேணிக் கடற்பகுதி பாதுகாக்கப்பட்ட சரணாலயம், உகந்தைக்கு அப்பால் குமண தேசியப் பூங்கா; அங்கே அனுமதியில்லாமல் எதையும் தொடவோ எடுக்கவோ கூடாது. மற்ற இடங்களில் திகதி, இடம், ஆழம், கல்லா பவளமா என்ற விபரத்தை அங்கேயே எழுதிக்கொண்டு, நண்டை எடுத்த கல்லின் அருகிலேயே விடுங்கள். மணிக்கட்டுப் பற்களோ ஓட்டு வரிகளோ படத்தில் தெளிவில்லை என்றால் பேரினப் பெயரை மட்டும் எழுதுங்கள்.