மொத்த காலேஜும் எங்க வீட்டு அட்ரஸ்ல குடியிருந்த கதை: சைபர் செக்யூரிட்டி படிக்கிறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயித்துக்கிழமை ஆனா காரைக்குடி செக்காலைல எங்க வீட்டு மாடிக்கு ஏழெட்டு பசங்க சைபர் செக்யூரிட்டி கத்துக்க லேப்டாப்போட வந்துடுவாங்க, கூடவே தேவகோட்டைலேர்ந்து ஒரு டீச்சர், பள்ளத்தூர்லேர்ந்து ஒரு சார். ஃபீஸ் எல்லாம் கிடையாது, அம்மா போடுற டீயும் ஒரு தட்டு சீப்பு சீடையும்தான். நான் வார நாள்ல வீட்டிலேர்ந்தே பென்டெஸ்டிங் (கம்பெனிக்காரங்க அனுமதியோட அவங்க சிஸ்டத்த உடைச்சுப் பாத்து ஓட்டையச் சொல்றது) வேலை பாக்குறவன். போன வாரம் ஒரு தம்பி, வர ஆரம்பிச்சு மூணு வாரம்கூட ஆகல, "அண்ணே எங்க காலேஜ் சைட்ட ஓட்டை இருக்கான்னு சும்மா ஒரு ஸ்கேன் போட்டு பாக்கட்டுமா, சார்கிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாரு"ன்னான். எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. இதே வார்த்தைய அப்படியே நானும் ஒரு காலத்துல சொல்லியிருக்கேன். அதான் எழுத உக்காந்தேன்.

ஓடிபி சொல்லாத, பாஸ்வேர்டுல உன் பேர வைக்காத, இதெல்லாம் இங்க கிடையாது. அத உங்க பேங்க்காரனே தினம் மெசேஜ் போட்டு சொல்றான்.

முதல் நாளே காலி லினக்ஸ்

ஹேக்கிங் டூல் எல்லாம் சேத்து வர்ற லினக்ஸ் அது. மொத நாளே அத இறக்குறது எல்லாரும் பண்றதுதான், நானும் பண்ணேன், அப்ப பேர் பேக்ட்ராக், 2013லதான் காலின்னு வந்துச்சு. டூல் ஓடும், எழுத்தா ஓடும், பாக்க கெத்தா இருக்கும், ஆனா வந்த ரிசல்ட் என்ன சொல்லுதுன்னு தெரியாது. ஒரு பொண்ணு வீட்டு ரவுட்டர்ல என்மேப் (எந்த போர்ட், அதாவது எந்த நெட்வொர்க் வாசல் திறந்திருக்குன்னு பாக்குற டூல்) ஓட்டி "53 ஓப்பன்"னு வந்ததப் பாத்து ஓட்டையக் கண்டுபிடிச்சிட்டேன்னு குதிச்சுச்சு. அது டிஎன்எஸ்மா, சைட் பேருக்கு ஐபி நம்பர் தேடித் தர்றது, வீட்டு ரவுட்டருக்கு அதுவும் ஒரு வேலைதான்.

மொத மூணு மாசம் நெட்வொர்க்கிங்கும் லினக்ஸ் கமாண்டும் போதும். ஓவர்தவயர்ங்கிற சைட்ல பேண்டிட்னு ஒரு விளையாட்டு இருக்கு, எஸ்எஸ்ஹெச்ல (தூரத்துல இருக்க கம்ப்யூட்டர்ல கமாண்ட் வழியா நுழையுறது) உள்ள போய் ஒவ்வொரு லெவல்லயும் அடுத்த லெவலோட பாஸ்வேர்ட தேடி எடுக்கணும், காசு கிடையாது. ஸ்கூல் பசங்கன்னா பிகோசிடிஎஃப்னு ஒரு ஹேக்கிங் போட்டி, அமெரிக்காவுல கார்னகி மெலன் யுனிவர்சிட்டிக்காரங்க நடத்துறது, அதுவும் இலவசம்தான்.

"நூறு சதம் பிளேஸ்மெண்ட்" கோர்ஸ்

கட்டாதீங்க.

எழுதி வாங்காத அனுமதி

2013, ஃபைனல் இயர். இந்தப் பக்கத்துல ஒரு காலேஜ், பேர் வேணாம். ஸ்டூடண்ட் போர்ட்டல்ல அட்ரஸ் மாத்துற பக்கம் ஒண்ணு, அதுல ஒரு ஒற்றை மேற்கோள் குறியப் போட்டா டேட்டாபேஸ் எரர் அப்படியே வெளிய கொட்டும். லேப் பாத்துக்கிட்டிருந்த சார்கிட்ட டீக்கடை வாசல்ல வச்சு "டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் தரட்டுமா சார்"னேன், அவரும் வடையக் கடிச்சுக்கிட்டே "பண்ணு பண்ணு"ன்னாரு. எனக்கு கிடைச்ச அனுமதி அவ்வளவுதான்.

நைட்டு எஸ்க்யூஎல்மேப்ப எடுத்தேன், சைட்லேர்ந்து டேட்டாபேஸுக்குப் போற கட்டளைல ஓட்டை தேடுற டூல் அது. லெவல் 5, ரிஸ்க் 3, ரெண்டுமே உச்சம், எது பெரிய நம்பரோ அதுதான் நல்லதுன்னு ஒரு நெனப்பு, ஹெல்ப் பக்கத்தப் படிக்கவே இல்ல. ரிஸ்க் 3ல அது 'ஆர்' (அல்லது) கண்டிஷன் போட்டு உடைச்சுப் பாக்கும். சும்மா எடுத்துக் காட்டுற செலக்ட் குவரில (குவரின்னா டேட்டாபேஸுக்குப் போடுற கட்டளை) விழுந்தா பெருசா ஒண்ணும் ஆகாது, ஆனா அட்ரஸ் மாத்துற பக்கம்ங்கிறது அப்டேட் குவரி. "இந்த ரெஜிஸ்டர் நம்பருக்கு அட்ரஸ மாத்து"ங்கிறது "இந்த நம்பரோ, எந்த நம்பரோ, எல்லாத்துக்கும் மாத்து"ன்னு ஆயிடுச்சு. ஃபார்ம்ல நான் போட்டு வச்சிருந்தது எங்க வீட்டு அட்ரஸ். காலைல பாத்தா மொத்த காலேஜும் செக்காலைல எங்க வீட்ல குடியிருக்கு. திருடப் போனவன் ரேஷன் கார்ட விட்டுட்டு வந்த கதை, யாருன்னு அவங்க தேடவே வேண்டியதில்லாம போச்சு.

பேக்கப் இருக்கும்ல, எடுத்துப் போட்டா முடிஞ்சிச்சுன்னு நெனச்சேன். கடைசி பேக்கப் நாலு மாசம் பழசு, ஃபர்ஸ்ட் இயர் பசங்க அதுல இல்லவே இல்ல. அட்மிஷன் ஃபார்ம் கட்டுகள அவுத்து வச்சு ரெண்டு வாரம் நானே உக்காந்து அட்ரஸ் டைப் அடிச்சேன். சாரக் கூப்பிட்டு கேட்டாங்க, "நான் எப்ப சொன்னேன்"னுட்டாரு. பொய் சொன்னாருன்னுகூட சொல்ல மாட்டேன், அவருக்கு நெசமாவே ஞாபகம் இருந்திருக்காது, வடைதான் ஞாபகம் இருந்திருக்கும். அப்படியே ஞாபகம் இருந்தாலும் அந்த சர்வருக்கு சரின்னு சொல்ற அதிகாரம் அவருக்கு கிடையாது, அது எனக்கு அப்ப ஒறைக்கவே இல்ல. போலீசுக்குப் போகாம விட்டது எங்கப்பா வந்து கையக் கட்டி நின்ன நெலமயப் பாத்துத்தான். கேம்பஸ் இன்டர்வியூ லிஸ்ட்லேர்ந்து பேர எடுத்துட்டாங்க, ஒரு வருஷம் ஜெராக்ஸ் கடைல உக்காந்திருந்தேன், கூடப் படிச்சவனுங்க எல்லாம் பெங்களூர் போய்ட்டானுங்க.

எரிச்சல் எதுக்குன்னா, நாம பொறந்த ஊரு எந்த ஊரு? நகரத்தார் வீட்டுக் கல்யாணத்துல அத்தனை பங்காளிங்க சாட்சிக்கு உக்காந்திருந்தும் இசைகுடிமானம்னு ஒண்ண எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து போடுவாங்க. பர்மாவுல கடையப் பாக்க ஏஜெண்ட் அனுப்பினா எத்தனை வருஷம், என்ன சம்பளம்னு சீட்டு எழுதிக்கிட்டுத்தான் கப்பல் ஏத்துவாங்க. அந்த மண்ணுல வளந்துட்டு "சார் சரின்னுட்டாரு"ன்னா என்ன அர்த்தம்.

சட்டமும் அப்படித்தான் இருக்கு. ஐடி ஆக்ட் 2000ல 43வது பிரிவு, ஓனரோ பொறுப்புல இருக்கவங்களோ அனுமதிக்காம கம்ப்யூட்டர்ல நுழைஞ்சாலோ டேட்டாவக் கெடுத்தாலோ நஷ்டஈடு கட்டணும். அதையே நேர்மையில்லாத எண்ணத்தோடயோ மோசடியாவோ பண்ணா 66வது பிரிவு, மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல அஞ்சு லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்தும் வரலாம். என் எண்ணம் நல்லதுதான்னு நீங்கதான் அலைஞ்சு புரியவைக்கணும், கைல ஒரு துண்டு பேப்பர் இல்லாம.

அதனால லெட்டர். எந்த டொமைன், எந்த ஐபி, எந்தெந்த பக்கம், எந்த தேதி எத்தன மணிலேர்ந்து எத்தன மணி வரைக்கும், என்ன பண்ணலாம், என்ன பண்ணவே கூடாது (சர்வர முடக்கிப் பாக்குறது, அடுத்தவங்க டேட்டாவ எடுத்து வச்சுக்கிறது), ஏதாவது படுத்துச்சுன்னா நடுராத்திரி யாருக்கு போன் போடணும், பேக்கப் எப்ப எடுத்தது, கண்டுபிடிச்சத யார்கிட்ட குடுக்கணும், இவ்வளவும் இருக்கணும். கையெழுத்து போடுறவருக்கு அந்த சர்வர் மேல அதிகாரம் இருக்கணும், வெளி ஆளோட சர்வர்ல சைட் ஓடுதுன்னா அவங்க சம்மதமும் வேணும். முடிஞ்சா லைவ் சைட்லயே வேணாம், ஒரு காப்பி போட்டுத் தரச் சொல்லுங்க.

லெட்டர் வாங்க முடியலையா, உங்க லேப்டாப்லயே விர்ச்சுவல்பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர ஓட்டுறது) போட்டு டிவிடபிள்யூஏ, ஜூஸ் ஷாப், மெட்டாஸ்ப்ளாய்டபிள்னு ஓட்டையோடயே செஞ்சு வச்சிருக்கத இறக்கி உடைங்க. நெட்வொர்க்க ஹோஸ்ட்-ஒன்லில (உங்க லேப்டாப்புக்குள்ள மட்டும்) வைக்க மறந்துடாதீங்க, இல்லேன்னா உங்க வீட்டு வைஃபைலயே ஓட்டையத் திறந்து விட்ட மாதிரி. போர்ட்ஸ்விக்கரோட வெப் செக்யூரிட்டி அகாடமியும் காசில்லாமத்தான். வேற எங்கயாவது தற்செயலா ஓட்டை கண்ணுல பட்டா அதோட நிறுத்திட்டு அவங்களுக்கோ செர்ட்-இன்னுக்கோ (மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) எழுதிப் போடுங்க, "இன்னும் எவ்வளவு தூரம் போகுதுன்னு பாப்போம்"ங்கிற ஆசை வேணாம்.

வாக்த்ரூ பாத்து ரூம் முடிக்கிறது

ட்ரைஹேக்மீங்கிற பயிற்சி சைட்ல 80 ரூம் (அங்க ஒவ்வொரு பயிற்சிக்கும் அதான் பேர்) முடிச்ச தம்பிகிட்ட ஒரு ரூம் எப்படி முடிச்சேன்னு கேட்டேன். அடுத்தவன் முடிச்சுக் காட்டுற யூட்யூப் லிங்க் அனுப்பினான்.

அமெரிக்கா ஸ்காலர்ஷிப் ஃபார்வர்டு

சைபர்கார்ப்ஸ்னு ஒண்ணு வருஷா வருஷம் வாட்ஸ்அப்ல சுத்தும். அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்க நிரந்தரமா தங்கறவங்களுக்கும்தான் அது, படிச்சு முடிச்சு அரசு வேலை பாக்கணும்னு நிபந்தனையும் உண்டு. நமக்கு வேலைக்காகாது, ஃபார்வர்டு பண்ணாதீங்க.

இங்க இருக்கதப் பாருங்க. மத்திய ஐடி அமைச்சகம் ஐஎஸ்இஏன்னு ஒரு திட்டம் நடத்துது, மாணவர், ஆசிரியர் ரெண்டு பேருக்கும் பயிற்சி இருக்கு, 2023 ஆகஸ்ட்ல 2.65 லட்சம் பேருக்கு தகவல் பாதுகாப்பு பயிற்சின்னு கேபினெட்லயே ஒப்புதல் ஆச்சு. டிகிரி முடிச்சவங்களுக்கு சிடாக்கோட (மத்திய அரசு கம்ப்யூட்டர் நிறுவனம்) ஆறு மாச டிப்ளமா இருக்கு, சி-கேட்னு நுழைவுத் தேர்வு எழுதணும். என்பிடெல்ங்கிற ஐஐடிக்காரங்க ஆன்லைன் சைட்ல பாடம் படிக்க காசில்ல, சர்டிபிகேட் வேணும்னாதான் பரீட்சை ஃபீஸ்.

பி.காம் படிச்சவங்க ஒதுங்கிக்கிறது

இத நெனச்சா வருத்தமா இருக்கும். ஐஎஸ்ஓ 27001னு தகவல் பாதுகாப்புக்கு ஒரு தரநிலை, 2022 பதிப்புல 93 கட்டுப்பாடு, அத ஒரு கம்பெனி ஒழுங்கா செய்யுதான்னு சரிபாக்க எக்கச்சக்க ஆள் வேணும். யாரு ஒப்புதல் குடுத்தா, சான்று எங்க, ஏன் ரெண்டு தேதி ஒத்துப்போகலன்னு கேக்குற வேலை. கண்டனூர் பொண்ணு ஒண்ணு பி.காம், கோடிங் ஒரு வரி வராது, இன்னிக்கு சென்னைல இதத்தான் பாக்குது, அந்தப் பொண்ணு கேக்குற கேள்விக்கு நானே பயப்படுவேன்.

டீச்சர்ங்களுக்கு

முழுசா கத்துக்கிட்டு அப்புறம் கிளாஸ் எடுக்கலாம்னு காத்திருக்காதீங்க, பசங்களோட சேந்தே பேண்டிட் ஆடுங்க. அப்புறம், காலைல "பாஸ்வேர்ட யார்கிட்டயும் சொல்லாத"ன்னு பாடம் எடுத்துட்டு மத்தியானம் ஆன்லைன் என்ட்ரி போட உங்க லாகின தூக்கி கிளாஸ் லீடர்கிட்ட குடுக்குறீங்களே, அது.

அந்த தம்பி

லெட்டர் கேட்டு அனுப்பினேன். புதன்கிழமையே காலேஜ் லெட்டர்ஹெட்ல, சீல் எல்லாம் அடிச்சு, பெருமையா போட்டோ எடுத்து அனுப்பினான். கையெழுத்து, லேப் இன்சார்ஜ். திருப்பி அனுப்பிட்டேன், பிரின்சிபால்கிட்டயும் அந்த சர்வர்க்காரங்ககிட்டயும் வாங்கிட்டு வான்னு. ரொம்ப பண்றீங்கண்ணேன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டான், வர்ற ஞாயிறு வருவானான்னு பாப்போம்.