"புரிஞ்சுதுங்க" என்று சொன்னால் போதுமா? மருந்தின் ஆபத்து நோயாளிக்குப் புரிந்ததா என்று அளக்கும் வழி

முடக்குவாதத்துக்கு மெதோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவர்களை எடுத்துக்கொள்வோம். வாரத்தில் ஒரே நாள் போடவேண்டிய மாத்திரை அது, தவறிப்போய் தினமும் போட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டால் எல்லாரும் "புரிஞ்சுதுங்க" என்றுதான் சொல்வார்கள். அந்தக் கேள்வியே வேண்டாம்.

முதலில், அவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியதை மட்டும் எழுதுங்கள். எந்தக் கிழமை, வாய்ப்புண்ணோ காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால் என்ன செய்வது, ரத்தப் பரிசோதனை எதற்கு, மதுவும் கர்ப்பமும் ஏன் கூடாது. பட்டியலை மருத்துவரிடம் காட்டிச் சரிபாருங்கள்.

அடுத்து, இவற்றை ஆமாம், இல்லை என்று தப்பிக்க முடியாத கேள்விகளாக்குங்கள். முடிந்தால் செய்தே காட்டச் சொல்லுங்கள். ஒரு அம்மா "திங்கக்கிழமை மாத்திரைதானே, தெரியும்" என்றார். பையில் இருப்பதை எடுத்துக் காட்டச் சொன்னேன், மெதோட்ரெக்ஸேட்டோடு கூடவே கொடுக்கும் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் அட்டையை எடுத்து நீட்டினார். இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரை. வாயால் கேட்டதோடு விட்டிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன், இன்றைக்கும் நினைத்தால் பதறுகிறது.

எண்கள் புரிகிறதா என்பதைத் தனியாகப் பாருங்கள். "100 பேரில் ஒருவருக்கு வருவது, 1000 பேரில் 5 பேருக்கு வருவது, எது அதிகம்?" 5 பெரிய எண்ணாகத் தெரிவதால் பலர் இரண்டாவதைச் சொல்வார்கள். அப்படிச் சொன்னவரிடம் சதவீதம் பேசாதீர்கள், 100 புள்ளி போட்ட தாளில் ஒன்றை வட்டமிட்டுக் காட்டுங்கள்.

மதிப்பெண்: சரி என்றால் 2, அரைகுறை என்றால் 1, தெரியாது என்றால் 0. தவறாக நம்புவதற்கும் 0தான், ஆனால் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள், தெரியாதவர் கேட்டுக்கொள்வார், தப்பாகத் தெரிந்தவர் கேட்கவே மாட்டார். கிழமைக் கேள்வி தவறினால் மொத்தம் எவ்வளவு வந்தாலும் தேர்ச்சி கிடையாது.

பதிலை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள், இன்னொருவரும் தனியாக மதிப்பெண் போடட்டும். இருவருக்கும் எண் ஒத்துப்போகவில்லை என்றால் கேள்வியைத் திருத்துங்கள். அடுத்த முறை ரத்தப் பரிசோதனைக்கு வரும்போது அதே கேள்விகளை மறுபடி கேளுங்கள், சொன்ன அன்றைக்கு நினைவிருப்பது பெரிய விஷயமில்லை. கிழமையைத் தவறாகச் சொன்னவரை மட்டும் அதுவரை காத்திருக்க வைக்காமல், மருத்துவரைப் பார்க்க வைத்துவிட்டே அனுப்புங்கள்.