ஊட்டியில் குதிரை டிராக்: மழை, வெயில், உறைபனிக்கேற்பப் பராமரிப்பது எப்படி?

முழுக்க நனைந்த டிராக்கில் குதிரை வேகத்தைக் குறைத்துச் சமாளித்துக்கொள்ளும். பாதி காய்ந்து பாதி நனைந்ததில்தான் சறுக்கும். மலையில் இதுதான் அன்றாடத் தொல்லை: வெயில் படும் நேர்ப்பகுதி காலையிலேயே காய்ந்துவிட, கற்பூர மர நிழல் விழும் வளைவு மதியம் வரை சொதசொதவென்று கிடக்கும். பாய்ச்சலில் ஒற்றைக் காலின் மேல் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு விசை இறங்குகிறது. 450 கிலோ குதிரை என்றால் ஒரு டன்னுக்கும் மேல். தரை இறுகியிருந்தால் அது முன்கால் எலும்பைத் தாக்கும். புதைந்தால் காலின் பின்புறத் தசைநாண் இழுபடும்.

அதனால் தினமும் காலையில் முதலில் அளவு. தரையின் இறுக்கத்தை அளக்கும் பெனிட்ரோமீட்டரில் 1 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே இடத்தில் மூன்று முறை விழவிட்டு, கம்பி எத்தனை செ.மீ. இறங்கியது என்று குறிக்க வேண்டும். எண் குறைந்தால் தரை கடினம். 200 மீட்டருக்கு ஓரிடம். ஒவ்வொன்றிலும் உள் ரெயில் (டிராக்கின் உட்பக்கத் தடுப்புக் கம்பி) ஓரம், நடு, வெளி ஓரம். சராசரியை நம்பாதீர்கள். மிக மோசமான இடம் எதுவோ அதை வைத்துத்தான் அன்றைய வேகம்.

கருவி சொல்லாத ஒன்றும் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் காய்ந்து இறுகிய தரையில் பிற்பகல் தூறல் விழுந்தால், மேலே அரை அங்குலம் வழுக்கும், அடியில் கல் மாதிரி இருக்கும். பெனிட்ரோமீட்டர் ‘கடினம்’ என்று மட்டுமே காட்டும். பூட்ஸ் குதிகாலை ஊன்றித் திருகிப் பாருங்கள். புல் பிய்ந்து மண் வழுவழுப்பாகத் தெரிந்தால் அன்று நடையும் மெதுவான டிராட்டும் (துள்ளுநடை) போதும். தண்ணீர் உள்ளே இறங்க 10 செ.மீ. ஆழத்துக்குத் தோட்ட முள்கரண்டியால் துளையிடலாம்.

கனமழைக்குப் பிறகு பலர் செய்யும் தப்பு, உடனே ரோலரை இறக்குவது. நீலகிரியின் செம்மண்ணில் களி அதிகம். ஈரத்தில் உருட்டினால் காற்றுத் துளைகள் மூடி, அடுத்த மழைத் தண்ணீர் மேலேயே நிற்கும். ஒரு பிடி மண்ணை உருண்டை பிடித்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். உதிர்ந்தால் உருட்டலாம்; பிசைந்த மாவாக நசுங்கினால் பொறுத்திருங்கள். குளம்பு பெயர்த்த குழிகளை அன்றே நிரப்பிவிட வேண்டும்: மணல் இரண்டு பங்கு, மண் ஒரு பங்கு, கிக்குயு புல் துண்டுகள். வெறும் களியால் நிரப்பினால் வெயிலில் கட்டியாகிவிடும். உள் ரெயிலை இரண்டு மூன்று மீட்டர் வெளியே நகர்த்தினால் மிதிபட்ட பகுதிக்கு ஓய்வு கிடைக்கும். புல் 10 முதல் 15 செ.மீ. இருக்கட்டும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி. வெள்ளை கரையும்வரை யாரும் புல்லில் கால் வைக்கக் கூடாது. உறைந்த இலை முறிந்து, காலடித் தடம் கருகிப்போகும். காய்கறித் தோட்டக்காரர்கள் போல ஸ்பிரிங்ளர் ஓட்டிப் பனியைக் கரைக்க ஆசை வரும். வெயில் உடனே விழும் பகுதிக்கு அது சரி. நிழல் வளைவில் அந்தத் தண்ணீரே பனிக்கட்டியாகிவிடும். இந்த மாதங்களில் மாலைப் பாசனம் வேண்டாம், முற்பகலில் முடித்துவிடுங்கள்.

புல்லுக்குப் பதில் மணல் பரப்பிய ஓடுவளையத்தில் இறுகிய ஜல்லித் தளத்தின் மேல் இரண்டு மூன்று அங்குல மணல் போதும். ஆழம் கூடினால் தசைநாணுக்குத்தான் கேடு. தூள் அதிகமுள்ள எம்-சாண்ட் காய்ந்ததும் சிமென்ட் போல இறுகும். கழுவியதைக் கேட்டு வாங்குங்கள். மழை வருமுன் உருட்டி மேற்பரப்பை மூடினால் தண்ணீர் சரிவில் ஓடிவிடும். மழை விட்டதும் ஹாரோ (மணலைக் கிளறிச் சமப்படுத்தும் பல் சட்டம்) இழுக்கலாம்.

ஈரமும் உலர்வும் மாறி மாறி வந்தால் லாட ஆணிகள் தளரும். தினமும் ஆணி முனைகளைத் தடவிப் பாருங்கள். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் லாடம் மாற்ற வேண்டும். குளம்படியில் கரிய கசிவும் நாற்றமும் இருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. கொட்டிலைக் காயவைத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.