லேப்டாப்பில் மறுபடியும் விண்டோஸ் 10: அழிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

விண்டோஸ் 11 போட்டதிலிருந்து லேப்டாப் திணறுகிறது, பழைய 10-க்கே போய்விடலாமா என்று கேட்டு வருகிறவர்களை நான் முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொல்வேன். லேப்டாப்பை ஆன் செய்து, எதையும் தொடாமல் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, அதில் 'டிஸ்க்' எவ்வளவு என்று பாருங்கள். சும்மா இருக்கும்போதே 100 சதவீதத்தில் நின்றால், உள்ளே இருப்பது பெரும்பாலும் சுழலும் ஹார்ட் டிஸ்க். அதை எடுத்துவிட்டு, சுழலும் பாகம் இல்லாத வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போடுங்கள். அதைச் செய்யாமல் எந்த விண்டோஸுக்குப் போனாலும் அதே திணறல்தான். 4 ஜிபி மெமரி மட்டும் இருந்து அது எப்போதும் நிரம்பியே கிடந்தாலோ, டச்பேடோ ஸ்பீக்கரோ புதியதில் மட்டும் மக்கர் செய்தாலோ, பழையதற்குத் திரும்புவதில் பலன் உண்டு.

அப்கிரேடு செய்து 10 நாள் ஆகவில்லை என்றால் வேலை சுலபம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ரிக்கவரி, அங்கே 'கோ பேக்'. உங்கள் ஃபைல்கள் அப்படியே இருக்கும். 11 வந்தபின் போட்ட சாஃப்ட்வேர்கள் போய்விடும். சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டர் இருக்கும்வரைதான் இந்த வழி. இடம் அடைக்கிறதே என்று அதை அழித்துவிடாதீர்கள்.

கெடு தாண்டிவிட்டால் சி டிரைவை முழுக்க அழித்துத்தான் போட வேண்டும். இங்கே நிதானம் முக்கியம். டாக்குமெண்ட்ஸையும் போட்டோக்களையும் எல்லோரும் எடுத்துவிடுவார்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், கணக்கு சாஃப்ட்வேரின் டேட்டா ஃபோல்டர் இவைதான் விட்டுப்போகும். பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டில் தட்டச்சு செய்த கோப்புகள் இருந்தால் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த ஃபான்ட்டையும் எடுத்து வையுங்கள். அது இல்லாமல் திறந்தால் தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்தாகக் கிடக்கும். எடுத்த பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, நாலைந்து ஃபைலையாவது திறந்து பாருங்கள்.

அடுத்தது டிரைவர்கள், அதாவது வைஃபை, டச்பேட் போன்ற பாகங்களை விண்டோஸ் இயக்க உதவும் சிறு சாஃப்ட்வேர்கள். சில லேப்டாப்களில் புதிதாக விண்டோஸ் போட்டதும் வைஃபை வேலை செய்யாது; வைஃபை டிரைவரை இறக்க இன்டர்நெட் வேண்டும். இந்த முட்டுச்சந்தில் நிற்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து, விண்டோஸ் 10-க்கான வைஃபை, சிப்செட், டச்பேட் டிரைவர்களை முன்கூட்டியே பென் டிரைவில் இறக்கிக்கொள்ளுங்கள். தளத்தில் கிடைக்காவிட்டால் சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ்டோர் என்று உள்ளே போய் 'ஃபைல்ரெப்பாசிட்டரி' என்ற ஃபோல்டரை முழுசாகக் காப்பி எடுங்கள். பின்னால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் உள்ள பொருளை ரைட் கிளிக் செய்து, 'அப்டேட் டிரைவர்' கொடுத்து, அந்த ஃபோல்டரைக் காட்டினால் பெரும்பாலானவை தானே பொருந்திக்கொள்ளும்.

டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதன் 48 இலக்க ரிக்கவரி கீ பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கும். தாளில் எழுதி வையுங்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் செட்டிங்ஸ்) ஒரு செட்டிங்கை மாற்றினாலே அதைக் கேட்கக்கூடும்.

இனி நிறுவுவது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் 10-ஐ ஏற்றுங்கள்; அதில் இருப்பதெல்லாம் அழியும். பென் டிரைவிலிருந்து பூட் ஆக கம்பெனியைப் பொறுத்து எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப். ப்ராடக்ட் கீ கேட்டால் 'கீ இல்லை' என்று சொல்லிவிட்டு, ஹோமா புரோவா என்பதில் மட்டும் முன்பு இருந்ததையே தேர்ந்தெடுங்கள். முறையான லைசன்ஸ் இருந்த மெஷின் என்றால், மதர்போர்டோடு பதிவான அந்த லைசன்ஸ் இன்டர்நெட் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும்.

பார்ட்டிஷன் பட்டியல் வரும் திரையில் அவசரம் கூடவே கூடாது. அங்கே சி, டி என்ற எழுத்துகள் தெரியாது, அளவுகள்தான் தெரியும். அதனால் முன்பே டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, எது எத்தனை ஜிபி என்று மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்வது என் வழக்கம். பேக்கப் டிஸ்க்கையும் கழற்றி விடுங்கள். பட்டியல் காலியாக இருந்தால் பதறாதீர்கள்: இன்டெல் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும் என்றால், பயாஸில் விஎம்டி என்ற இன்டெலின் ஸ்டோரேஜ் வசதி பெரும்பாலும் ஆன் ஆகியிருக்கும். அதற்கான ஸ்டோரேஜ் டிரைவரை 'லோட் டிரைவர்' வழியாகக் கொடுத்தால் டிஸ்க் தெரியும்.

இன்னும் பின்னால், விண்டோஸ் 7-க்கே போகலாமா என்று சிலர் ஆசையோடு கேட்பார்கள். நெட்டில் இணைக்கும் மெஷினுக்கு நான் போட்டுத் தருவதில்லை. 2020 ஜனவரி 14-உடன் அதன் பொதுவான பாதுகாப்பு அப்டேட் நின்றது, குரோம் 109-ஓடு நின்றது. அதன் நிறுவல் வட்டில் யுஎஸ்பி 3 டிரைவரும் கிடையாது; கொஞ்சம் புதிய லேப்டாப்பில் மவுஸே அசையாது.

விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதற்கு விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 வேண்டும், விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் தனியாகப் பதிந்துகொள்ளவும் வேண்டும். வைஃபை வந்ததும் முதல் வேலையாக அதைச் செய்துவிட்டு, பிறகு உங்கள் ஃபைல்களைத் திரும்ப ஏற்றுங்கள்.