இழை நெளியாமல், நிறம் மாறாமல்: பத்தமடைப் பாய்க்குப் போனிலேயே 30 நொடி விளம்பரம்

சாதாரணக் கோரைப்பாய் எந்த ஊர்ச் சந்தையிலும் கிடைக்கும். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் கோரையால் நெய்யும் பாய்க்குக் கூடுதல் விலை கொடுக்க வைப்பது இழையின் மெல்லிசுதான். போன் கேமராவுக்கு ஆகாத விஷயமும் அதுவேதான். ஆகவே இந்த விளம்பரத்தில் எந்த முடிவை எடுத்தாலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இழை தெரிகிறதா?

பாயை எடுத்ததும் முதலில் வரும் தொல்லை, திரையில் அலையலையாக நெளியும் கோடுகள். மொய்ரே என்பார்கள். இழைகளின் இடைவெளியும் சென்சாரின் புள்ளி இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றாகும்போது, பாயில் இல்லாத ஒரு கோலம் படத்தில் முளைக்கும். எடிட்டிங்கில் இதை எடுப்பது பெரும்பாடு. எடுக்கும்போதே தவிர்ப்பதுதான் வழி. கணக்கு எளிது. இழை அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் இழைக்கும் 4 புள்ளியாவது கிடைத்தால் படம் சுத்தமாக வரும். முடிந்த வீடியோவின் நீளப்பக்கம் 1920 புள்ளி. அப்படியானால் 480 இழை, அதாவது 24 செ.மீ. சுருக்கமாக, குளோசப்பில் பிரேமின் நீளப்பக்கம் ஒரு சாணைத் தாண்டக் கூடாது. குறுக்காக எடுத்தாலும் நெடுக்காக எடுத்தாலும் இதே அளவுதான்.

ஒரு சாண் பிரேமுக்கு 1எக்ஸ் லென்ஸில் போனை 17 செ.மீ. வரை கொண்டுபோக வேண்டியிருக்கும். போனின் நிழலே பாயில் விழும். பல போன்களில் போகஸும் நிற்காது. 2எக்ஸுக்கு மாற்றி 35 செ.மீ. தள்ளி நில்லுங்கள். கிட்டப் போனால் தானாகவே லென்ஸை மாற்றும் ஆட்டோ மேக்ரோவை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் போன் தன்னிஷ்டத்துக்கு அகல லென்ஸுக்குத் தாவி, இழையை மழுங்கடித்துவிடும்.

முழுப் பாயையும் விரித்து எடுக்கும் தூரத்தில் இழைகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால் பெரும்பாலும் சிக்கல் வராது. நடுத்தூரம்தான் வில்லன்: பிரேமில் இரண்டு மூன்று அடி பாய் தெரியும் ஷாட். அது வேண்டியே தீரும் என்றால் பாயை 10, 15 டிகிரி திருப்பிப் போடுங்கள். கோடுகள் பிரேமின் விளிம்புக்கு இணையாக ஓட வேண்டாம். 4கே-யில் எடுத்து, எடிட்டிங்கில் 1920×1080 புள்ளிக்குச் சுருக்குங்கள். எடுக்கும்போது திரையில் தெரியும் நெளிவை நம்பிப் பதற வேண்டியதில்லை. சிறிய திரைக்குச் சுருக்கும்போதே பொய் நெளிவு வருவதுண்டு. பதிவான கிளிப்பை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

கேமராவை அசைக்காதீர்கள். அழகுக்காகச் சொல்லவில்லை. வீடியோவைச் சுருக்கும் மென்பொருள் ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் சேமிக்கிறது. கேமரா நகர்ந்தால் ஆயிரக்கணக்கான இழைகளும் ஒரே நேரத்தில் நகரும். அத்தனையையும் எழுத இடம் போதாமல் படம் கட்டம் கட்டமாக உடையும். ட்ரைபாடில் போன் நிற்கட்டும், நெய்பவரின் கை நகரட்டும். கோரையை ஊடாகச் செருகி தறியின் அச்சுச் சட்டத்தால் தட்டி இறுக்கும் ஒரே அசைவுக்கு, ஆட்டத்தைச் சமன் செய்யும் கிம்பல் பிடியில் சுற்றிச் சுற்றி எடுத்த பத்து ஷாட் ஈடாகாது.

தறி பெரும்பாலும் வீட்டுக்குள், தரையை ஒட்டித்தான் இருக்கும். டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வாங்குங்கள். வெளிச்சம் பாயை ஒட்டித் தாழ்வாக, 15 முதல் 20 டிகிரியில் வந்தால்தான் ஒவ்வோர் இழைக்கும் ஒரு நிழல் விழும், மிக மெல்லிய கோரையால் நெய்த ‘பட்டுப் பாயின்’ மினுக்கும் தெரியும். நேர் எதிரிலிருந்து அடித்தால் பாய் பிளாஸ்டிக் மாதிரி தட்டையாகிவிடும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் கறுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிட்டால் நிழல் இன்னும் ஆழமாகும். முகம் எடுக்கும்போது மட்டும் அதே இடத்தில் வெள்ளைத் தெர்மாகோல்.

விளக்கை அணைக்கவே முடியாத வீடு என்றால் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு பிரேமும் ஒளி வாங்கும் நேரத்தை, கவனியுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். போனை அதன் போக்கில் நொடிக்கு 30 பிரேமில் விட்டால் ஷட்டர் 1/60 நொடிக்குப் போய், படத்தில் பட்டை பட்டையாகக் கோடு ஓடலாம். 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று பூட்டுங்கள். போனோடு வந்த ஆப்பில் இந்த வசதி இல்லையென்றால் பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம்.

ஷட்டரை 1/50-ல் பூட்டிவிட்டால் வெளியே படம் வெளுத்துப் போகும், ஏனெனில் பெரும்பாலான போன் லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தைச் சுருக்க முடியாது. அங்கேதான் என்டி பில்டர், அதாவது லென்ஸின் முன் மாட்டி ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி. நிழல் விழுந்த திண்ணைக்கு என்டி16, ஆற்றங்கரை வெயிலுக்கு என்டி64 அல்லது 128. கத்திரி வெயிலில் 4கே ஓடினால் போன் சூடேறி நின்றுவிடும். கவரைக் கழற்றி, ஷாட்டுக்கு ஷாட் நிழலில் வையுங்கள். குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை மேலே வைப்பது வேண்டாம், லென்ஸுக்குள் ஆவி படியும்.

சாயம் போட்ட கோரையின் நிறம் மாறினால் அது அழகுக்குறை மட்டுமல்ல, வியாபாரப் பிரச்சினை. படத்தில் அரக்காகத் தெரிந்தது கைக்கு வரும்போது குங்குமச் சிவப்பாக இருந்தால் பாய் திரும்பி வரும். வெள்ளை வெள்ளையாகவே தெரிய வைக்கும் வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) 5500 கெல்வினில் பூட்டுங்கள். ஒவ்வோர் இடத்திலும் முதல் ஷாட்டில் ஒரு வெள்ளை ஏ4 தாளைப் பாயின் மேல் வைத்து எடுத்துவைத்தால் நிறம் திருத்தும்போது கைகொடுக்கும். முகத்தை மெருகேற்றும் பியூட்டி மோடு, காட்சிக்கேற்ப நிறம் கூட்டும் ஏஐ மோடு இரண்டையும் அணையுங்கள்.

ஒலிக்குக் காலர் மைக் போதும். 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு, ஒலி அளவின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே. மின்விசிறியை நிறுத்துங்கள், பக்கத்து வீட்டு மிக்சி ஓயும் வரை காத்திருங்கள். அச்சு தட்டும் சத்தத்தை, மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்துத் தனியாக ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். பின்னணி இசைக்குப் பதிலாக அதையே தாளமாக வைக்கலாம். ஆனி, ஆடியில் வெளியே எடுத்தால் மைக்குக்கு ரோமக் கவர் கட்டாயம்; அந்தக் காற்றைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுசாகத் துடைக்க முடியாது.

நெய்பவரிடம் “இந்தப் பாய் முடிய எத்தனை நாள் ஆகும்க்கா?” என்று கேட்டால் பதில் வெறும் எண்ணாக வரும். ஆகவே பதிலில் கேள்வியையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். சினிமாவில் சிரிப்பு மூட்டுகிற “ஏலே” நெல்லைத் தமிழை அவர் வாயில் திணிக்காதீர்கள். வீட்டில் பேசுகிறபடி பேசட்டும். பின்னணிக் குரல் எழுதினால் 30 நொடிக்கு 40, 45 சொல்லே அதிகம்.

போன் பிரேம் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தே பதிவு செய்வதால், நீண்ட கிளிப்பில் உதடும் குரலும் விலகும். எடிட்டிங்குக்கு முன் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்றிவிடுங்கள். வெட்டுவதற்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு போதும். ஹெச்.264 என்ற வீடியோ வடிவில், 1080 அளவில், நொடிக்கு 16 மெகாபிட்டில் ஏற்றுமதி செய்து, வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதை மறுபடி சுருக்கி, இழையைத்தான் முதலில் தின்னும்.

பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்றது. வேறு ஊர்ப் பாயையோ விசைத்தறிப் பாயையோ அந்தப் பெயரில் காட்டாதீர்கள். ஏஐ வரைந்து கொடுக்கும் பாயும் வேண்டாம். அதன் பின்னல் எந்தத் தறியிலும் வராது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட முடியும்.

தியேட்டரிலும் ஓட வேண்டும் என்றால் ஆரம்பத்திலேயே 24 பிரேமில் எடுங்கள். ஷட்டர் அதே 1/50 இருக்கட்டும், கோடு வராது. 30 நொடிக்கு 720 பிரேம். தியேட்டரின் டிஜிட்டல் புரொஜெக்டருக்கு டிசிபி என்ற வகைக் கோப்பு தேவை, ‘பிளாட்’ என்ற திரை வடிவம் என்றால் 1998×1080 புள்ளி. 25-ல் எடுத்ததை 24-க்கு அப்படியே ஓட்டினால் 30 நொடி 31.25 நொடியாகி, காசு கொடுத்து வாங்கிய விளம்பர நேரத்தைத் தாண்டும். விளம்பரப் படத்துக்கும் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும் என்பதால் அதற்கான நாட்களையும் கணக்கில் வைத்தே தியேட்டரில் தேதி சொல்லுங்கள்.